லேக் என்று ஒரு சொல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி போல என் சித்தி மகன் போன் செய்வான். "அண்ணே, போலாமா?" அவ்வளவுதான் கேள்வி. படத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டான், எது என்று எனக்குத் தெரியும், நான் காலைக் காட்சியே பார்த்திருப்பேன் என்று அவனுக்கும் தெரியும். எனக்குத்தான் பதில் வராது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை 'போ', 'வேணாம்' என்று இரண்டில் ஒன்றாகச் சொல் என்கிறான். அவன் கேட்பதிலும் தப்பில்லை. வீட்டில் நாலு பேர். மால் தியேட்டரில் ஒரு டிக்கெட் 190 ரூபாய் என்றால் நாலுக்கு 760, ஆன்லைனில் எடுத்தால் அதற்கு ஒரு கட்டணம், பார்க்கிங், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் எல்லாம் சேர்ந்தால் 1500ஐ நெருங்கிவிடும். மாதத்தில் ஒரு படம்தான் பார்க்க முடியும் என்கிற வீட்டில் அந்த ஒன்று சொதப்பிவிடக் கூடாது, அதனால் கேட்கிறான். நம்மில் முக்கால்வாசிப் பேர் படம் பற்றிப் பேசுவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பார்த்தவன் தான் பார்த்ததைச் சொல்ல நினைக்கிறான், கேட்பவனுக்கு வேண்டியது ஒரு தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு இப்போது எவ்வளவு வேகமாக எழுதப்படுகிறது, அதனால் படங்களுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச நினைக்கிறேன்.

பிலிம் சுருளில் படம் ஓடிய காலத்தில் ஒரு படத்துக்கு இத்தனை பிரிண்ட் என்று கணக்கு இருந்தது. முதலில் பெரிய நகரங்கள், அப்புறம் டவுன், கடைசியாக ஊருக்கு வெளியே கூடாரம் போட்ட டூரிங் டாக்கீஸ். மதுரையில் பார்த்துவிட்டு வந்தவர் டீக்கடையில் கதை சொல்லி, அதைக் கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லி, படம் ஊருக்கு வருவதற்குள் அதைப் பற்றிய பேச்சு பழுத்திருக்கும். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டிருப்பார்கள், சரியாகச் சிக்கல் முற்றுகிற இடத்தில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிடுவார்கள். எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அந்தக் காலணாப் புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது.

இப்போது தமிழ்நாட்டில் இருப்பது ஏறத்தாழ ஆயிரம் திரைகள். பெரிய நடிகரின் படம் என்றால் அதில் பெரும்பகுதியில் ஒரே நாளில் இறங்குகிறது. விநியோகஸ்தருக்குப் போகும் பங்கு முதல் வாரத்தில்தான் அதிகம், அடுத்தடுத்த வாரங்களில் குறைந்துகொண்டே வரும், நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும். ஆக, சம்பாதிப்பதெல்லாம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில்தான். ஞாயிறு ராத்திரி தியேட்டர்காரர் கணக்குப் பார்ப்பார், கூட்டம் குறைந்திருந்தால் திங்கட்கிழமை அந்தப் படம் பெரிய திரையிலிருந்து சின்னத் திரைக்குப் போகும், நாலு காட்சி இரண்டாகும், அடுத்த வெள்ளி காணாமல் போகும். அந்த மூன்று நாளைக்குள் ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் படத்தின் ஆயுள்.

அந்த மூன்று நாளும்கூட முழுதாக மூன்று நாள் இல்லை. 2023 பொங்கலுக்கு 'துணிவு', 'வாரிசு' வந்தபோது சென்னையில் ஒரு ரசிகர் ஓடும் லாரியிலிருந்து குதித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு இங்கே நள்ளிரவு, விடியற்காலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை, காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. உயிர் போன விஷயம், அந்த முடிவு சரியானதுதான். ஆனால் பக்கத்து மாநிலங்களில் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பெரிய படம் என்றால் கோயம்புத்தூர்ப் பையன்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்காடு போய்விடுகிறார்கள். சென்னையில் டைட்டில் கார்டு போடும் நேரத்தில், அங்கே படம் முடிந்து வெளியே வந்தவர்கள் ரெண்டாம் பாதி எப்படி என்று போனில் எழுதி முடித்திருப்பார்கள். அசோக் நகர் காசி தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்பவர்களுக்குப் படம் பார்த்து வருகிறவர் சொல்லப்போவது என்ன என்று முன்னாடியே தெரியும், அவரும் உள்ளே போகும்போதே கொஞ்சம் அதைப் படித்துவிட்டுத்தான் போயிருப்பார்.

இதில் இடைவேளையின் பங்கு பெரிது. நம் ஊர்ப் படம் இரண்டு பாதி, ஆகவே நம் கருத்தும் இரண்டு பாதி. 'முதல் பாதி தீ, ரெண்டாம் பாதி சுமார்' என்கிற வாக்கியத்தை வேறு எந்த ஊர்க்காரராவது இவ்வளவு இயல்பாகச் சொல்வாரா தெரியாது. விளக்குப் போட்டதும் எல்லோர் கையிலும் போன். பாதிப் படத்துக்கு முழுக் கருத்து அங்கே பிறந்துவிடுகிறது, மறுபாதியை அந்தக் கருத்தின் கண் வழியாகவே பார்க்கிறோம். நானே செய்திருக்கிறேன். இடைவேளையில் 'மொக்கை' என்று அனுப்பிவிட்டால், அப்புறம் படம் நன்றாகப் போனாலும் மனசு ஒப்புக்கொள்ளாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்க்கும்.

சரி, இப்போது அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். லேக்.

படம் மெதுவாகப் போனால் லேக். பேச்சு நீண்டால் லேக். பாட்டு வந்தால் லேக். சில சமயம் அழவேண்டிய காட்சியில் அழுகை வரவில்லை என்றாலும் லேக்தான். கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்கள் நெட் இழுத்துக்கொண்டு நிற்பதற்குச் சொல்லிக்கொண்டிருந்த சொல் இது. இன்று ஒரு படத்தைக் கொல்ல இதைவிடச் சுருக்கமான ஆயுதம் கிடையாது. 'அறுவை', 'இழுவை', 'ஜவ்வு' எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தவைதான். ஆனால் 'இழுவை' என்று சொன்னவரிடம் எந்த இடத்தில் இழுத்தது என்று கேட்கலாம், அவரும் சொல்வார், 'அந்த ஆஸ்பத்திரி சீன்' என்று. 'லேக்' என்பவரிடம் மேலே எதுவும் கேட்க முடிவதில்லை, சொல்லும்போதே விவாதத்தை முடித்துக்கொண்டு எழுந்துவிடுகிற சொல் அது.

2024 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் வந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 20ஆம் தேதி 'லப்பர் பந்து', 27ஆம் தேதி 'மெய்யழகன்'. இரண்டுமே சண்டைக்காக ஓடிய படங்கள் இல்லை, இரண்டிலும் வில்லன் என்று பெரிதாக யாரும் கிடையாது, இரண்டையும் பார்த்தவர்கள் மனசு நிறைந்துதான் வந்தார்கள். இருந்தும் தியேட்டரில் இரண்டுக்கும் நடந்தது வேறு வேறு.

'லப்பர் பந்து' அறிமுக இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவின் படம். ஹரிஷ் கல்யாண், அட்டகத்தி தினேஷ். ஊர்த் திடலில் ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடும் இரண்டு தலைமுறை ஆட்களின் கதை. பெரிய ஓபனிங் இல்லாமல் வந்து இரண்டாவது வாரத்தில் வலுத்தது. அந்தப் படத்தைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன். கதை என்ன, இயக்கம் எப்படி என்று எதுவும் சொல்லவில்லை. "தம்பி, தினேஷ் மட்டையைத் தூக்கிட்டு இறங்குறான், 'நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்' பாட்டு போடுறாங்க, தியேட்டரே எந்திரிச்சு நிக்குது" என்றார். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுக் கையை மட்டை மாதிரி பிடித்துக் காட்டினார். அந்தப் பாட்டு 1989இல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்தில் இளையராஜா இசையில் விஜயகாந்துக்கு வந்தது. விஜயகாந்த் இறந்தது 2023 டிசம்பர் கடைசியில், ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. அவர் போன துக்கத்தைச் சேர்ந்து உட்கார்ந்து கொண்டாடித் தீர்த்துக்கொள்ள ஒரு இடம் கிடைத்தது மாதிரி இருந்தது அது. படத்தைப் பற்றிப் பேசிய ஆளுக்கு ஆள் இந்த ஒரு காட்சியைச் சொன்னார்கள், கேட்டவர் மனசில் அது படமாகவே ஓடியது. அந்த வாரம் நான் குடும்பத்தோடு போனேன்.

'மெய்யழகன்' வேறு கதை. பிரேம்குமார் இயக்கம், அரவிந்த்சாமி, கார்த்தி. தஞ்சாவூரில் சொத்துத் தகராறில் வீட்டை இழந்து சென்னைக்குப் போய்விட்ட ஒருவர், இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். "அத்தான்" என்று ஒருத்தன் ஒட்டிக்கொள்கிறான், விடுவதாக இல்லை. அவன் யார், பேர் என்ன என்று இவருக்கு ஞாபகம் வரவில்லை, கேட்கவும் கூச்சம். இவ்வளவுதான் படம். முக்கால்வாசி ஒரு ராத்திரிப் பேச்சு. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படமாக வந்தது. மதியமே 'லேக்' கிளம்பிவிட்டது. வெளியான சில நாளிலேயே படக்குழு 18 நிமிடத்துக்கு மேல் வெட்டியது, ஜல்லிக்கட்டு வருகிற பகுதியும் ராத்திரிப் பேச்சின் சில பகுதிகளும் போயின. ஒரு மாதம் கழித்து ஓடிடியில் வந்தபோது எத்தனை பேர் அழுதார்கள் என்று உங்களுக்கே தெரியும். மேடையில் அண்ணன் தன் கையாலேயே தங்கைக்கு நகை போட்டுவிடும் காட்சியைத் துண்டாக வெட்டி அனுப்பாத சொந்தக்காரர் இல்லை.

எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, மறைக்கவில்லை. வெட்டுவதற்கு முன்னால் பார்த்தவன் நான். அந்த ராத்திரிப் பேச்சு நீளம்தான். ஆனால் ஊரில் கல்யாணத்துக்குப் போய்க் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்தவர்களுக்கு அந்த நீளம் எதற்கு என்று தெரியும். தூக்கம் வரும், அவர் விட மாட்டார், பேசிக்கொண்டே இருப்பார், எரிச்சல் வரும், அப்புறம் எங்கேயோ ஒரு இடத்தில் எரிச்சல் போய்த் தொண்டை அடைக்கும். எரிச்சல் வரும் நேரத்தையும் கொடுத்தால்தான் தொண்டை அடைக்கிற நேரம் வரும். அதை லேக் என்றால் நான் என்ன சொல்ல? ஆனால் லேக் என்றவர்களும் பொய் சொல்லவில்லை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு, கூட வந்த நண்பர்கள் சிரிக்க வந்திருக்க, 10 மணிக் காட்சியில் உட்கார்ந்தவருக்கு அது லேக்தான். ஒரு மாதம் கழித்து அதே ஆள் வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், அழுகிறார். படம் மாறவில்லை, பார்த்த நேரமும் பக்கத்தில் இருந்த ஆளும் மாறிவிட்டார்கள். (18 நிமிடம் குறைந்ததால்தான் பிடித்தது என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை இருக்கலாம், ஆனால் அவர்கள் அழுத காட்சிகள் எல்லாம் முதல் நாளும் அங்கே இருந்தன.)

இது இன்று நேற்று வந்த பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. 1954இல் ஏவிஎம் தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்தது, சிவாஜி தேசத்துரோகி. பாட்டு இல்லாத தமிழ்ப் படமா என்று ஜனங்கள் ஏற்கவில்லை, படம் தோற்றது, பிறகு தேசிய அளவில் சான்றிதழ் பெற்று மறுபடி வந்தபோது ஓடியது. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்', 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டையும் இன்று கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் அன்று தியேட்டரில் பார்த்தார்கள்? 'ஆயிரத்தில் ஒருவன்' 2020 டிசம்பர் கடைசி நாளில் மறுபடி வந்தபோது, கொரோனாவுக்கு நடுவில், கூட்டம் வந்தது. பதினோரு வருஷம் பேசிப் பேசியே அந்தப் படத்தை ரசிகர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மறுபக்கம் 'சேது'. விநியோகஸ்தர் கிடைக்காமல் அலைந்து 1999 டிசம்பரில் வந்தது. பாலாவுக்கு முதல் படம், விக்ரம் பெரிய நட்சத்திரம் இல்லை. முதல் நாட்களில் கொஞ்ச தியேட்டர், கொஞ்சக் கூட்டம். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை, சொல்லிச் சொல்லி நூறு நாள் ஓட வைத்தார்கள், தேசிய விருது வந்தது, இந்தியில் 'தேரே நாம்' வரைக்கும் போனது. இன்று 'சேது' வந்தால்? அந்த வாய்மொழி பழுக்க வேண்டிய இரண்டு மூன்று வாரத்தை எந்தத் தியேட்டர் கொடுக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன், 2025 மே முதல் தேதி 'ரெட்ரோ'வோடு வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்தின் கதை, ஜனங்கள் வாயாலேயே வளர்ந்தது. ஆனால் அதற்கும் முதல் இரண்டு நாளிலேயே நல்ல பேச்சு கிடைத்தாக வேண்டியிருந்தது.

பத்திரிகை விமர்சனம் ஆண்ட காலத்தில் தீர்ப்புக்கு எண்ணே இருந்தது. ஆனந்த விகடன் மதிப்பெண். 40ஐத் தாண்டினால் நல்ல படம் என்று ஊரே ஒத்துக்கொண்ட கணக்கு, 1977இல் '16 வயதினிலே'வுக்குக் கொடுத்த 62½ இன்றும் பேசப்படுகிறது. அந்த மார்க்கோடு சண்டை போட்டவர்கள் உண்டு, எங்கள் மாமா ஒருவர் வாசகர் கடிதமே எழுதினார். ஆனால் மார்க்குக்கு மேலே இரண்டு பக்கம் காரணம் இருந்தது, சண்டை போட அந்தக் காரணம் கை கொடுத்தது. தவிர, விமர்சனம் வருவதற்குள் படம் ஒரு வாரமாவது ஓடியிருக்கும்.

இந்த வேகத்தால் அடி வாங்கும் தயாரிப்பாளர்கள் கோபப்படுவது புரிகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்த பிறகு தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்கள் ஜனங்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்க வேண்டாம் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள், அப்படித் தடை போட முடியாது, அது கருத்துச் சுதந்திரம் என்று டிசம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேரளத்தில் 2023இலேயே ஒரு இயக்குநர் வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு உதவியாக நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று யோசனை சொன்னார். காசு வாங்கிக்கொண்டு திட்டுவதும் புகழ்வதும் வேறு, அது மோசடி, அதற்குச் சட்டம் வரட்டும். ஆனால் 190 ரூபாய் கொடுத்தவர் வாயை மூன்று நாள் கட்டுவது நியாயமே இல்லை. என் சித்தி மகன் வெள்ளிக்கிழமை கேட்டால் நான் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றா சொல்வேன்?

அதே 'கங்குவா'வில் நடந்த இன்னொன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். படம் பார்த்தவர்கள் சத்தம் அதிகம், காது வலிக்கிறது என்றார்கள். படம் நல்லதா கெட்டதா என்பதற்கு அப்பால், இன்னது இப்படி இருக்கிறது என்று ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். அடுத்த நாளே சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பு தரப்பிலிருந்து தியேட்டர்களுக்குச் சொல்லப்பட்டது. பார்வையாளர் கருத்து ஒரு படத்துக்கு உபயோகப்பட முடியும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 'காது வலிக்குது' என்பதைச் சரிசெய்யலாம். 'மொக்கை' என்பதை யார் என்ன செய்வது? 'லேக்' என்று சொன்னால் கத்தரிக்கோலைத்தான் எடுப்பார்கள், எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்லாததால் கைக்கு அகப்பட்ட இடத்தில் வெட்டுவார்கள்.

ஓடிடி வந்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஒரே படத்தைப் பற்றி இரண்டு பேர் பேசுகிறார்கள், ஆனால் இரண்டு பேரும் பார்த்தது ஒரே படமா என்பதே சந்தேகம். ஒருத்தர் தியேட்டரில் ஐநூறு பேரோடு பார்த்தார். இன்னொருத்தர் பஸ்ஸில் போனில், ஒன்றரை மடங்கு வேகத்தில், பாட்டைத் தள்ளிவிட்டு, நாலு தவணையில் பார்த்தார். இருவரும் 'நல்லா இல்லை' என்றால் அந்த இரண்டு 'நல்லா இல்லை'க்கும் சம்பந்தமே இல்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு நடிப்பு ஒட்டவில்லை என்று சொன்ன ஒரு நண்பனிடம் நான் நிஜமாகவே கோபப்பட்டேன். நடிகர் ஒரு வார்த்தைக்கு முன்னால் விடுகிற மூச்சை நீ வெட்டிவிட்டாயே, அப்புறம் என்ன ஒட்டும்?

போன வெள்ளி சித்தி மகன் போன் செய்தபோது நான் வேறு மாதிரி முயன்று பார்த்தேன். "யாரெல்லாம் போறீங்க?" என்றேன். மாமனாரும் வருகிறார் என்றான். "ராத்திரிக் காட்சி வேணாம், மத்தியானம் போ. முதல் அரைமணி நேரம் மெதுவாப் போகும், ஒரு அப்பா சைக்கிள் செயினை மாட்டிக்கிட்டே பையன்கிட்டப் பேசாம பேசுற காட்சி ஒண்ணு வரும், அதுவரைக்கும் உன் மாமனாரைத் தூங்க விடாதே" என்றேன். கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. "அப்போ போலாமா, வேணாமாண்ணே?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவன் குரல் இல்லை, மாமனார். அவர் சின்ன வயதில் மன்னார்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தாராம், எனக்குத் தெரியாது. படம் எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த நடிகர் செயினை மாட்டும்போது பெடலை முன்னால் சுற்றுகிறார், பின்னால் சுற்றினால்தான் சுலபமாக ஏறும், அதை யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று நாலு நிமிடம் பேசியிருந்தார்.